பாதி படித்துவிட்டுப் பரீட்சை எழுதுவது எப்படி?

முழுக்கப் படித்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்கள் இந்நேரம் மூன்றாவது ரிவிஷனில் இருப்பார்கள். ஒன்றுமே படிக்காதவர்களுக்கும் தேவையில்லை. அவர்களைக் கணிதமே ஓரளவு காப்பாற்றும். எப்படியென்று பின்னால் சொல்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்டு, ‘இதை எங்கேயோ பார்த்திருக்கோமே’ என்று வினாத்தாளை முறைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதுகிறேன். பிளஸ் டூ ஒன் வேர்டில் ஆரம்பித்து குரூப் 4 வரைக்கும் நாலில் ஒன்றைத் தேடியே தலை நரைத்தவன் என்பதுதான் என் தகுதி.

முதலில் மனப்பாடம். எங்கள் காலத்தில் பிளஸ் டூ கணக்குத் தாளுக்கு 200 மார்க். அதில் 40 ஒன் வேர்டு. கேள்வியைப் படித்து, கணக்கைப் போட்டு, விடையைக் கண்டுபிடிப்பதெல்லாம் வீண் வேலை என்பது கடைசி பெஞ்சின் ஒருமனதான தீர்மானம். புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்விதானே வரப்போகிறது? அதனால் விடையின் எழுத்தை மட்டும் உருப்போட்டோம். ஒண்ணு இ, ரெண்டு அ, மூணு அ, நாலு ஈ. சாயங்காலம் வகுப்பறை வாசலில் நின்று கேட்டால் பல்வலிக்காரர்கள் பத்துப் பேர் முனகுவது போலிருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ‘அணிகள்’ பாடம் முழுவதும் தாளம் தப்பாமல் வரும். அணி என்றால் என்னவென்று மட்டும் தெரியாது.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு வாத்தியார் கேள்விகளைத் தொடவே இல்லை. அதே கேள்விகள், அதே வரிசை. விடைகளை மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தார். நண்பன் தாளை வாங்கிய வேகத்தில் ‘இ, அ, அ, ஈ’ என்று எழுதிவிட்டு, பத்தே நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு எங்களையெல்லாம் பரிதாபமாகப் பார்த்தான். 40-க்கு 4.

தாள் கொடுத்த அன்று வாத்தியார் அவனை அடிக்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: “தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் அ-ன்னு போட்டிருந்தாக்கூட பத்து வந்திருக்குமேடா. நீ ஒரு மாசம் கஷ்டப்பட்டுப் படிச்சு நாலு வாங்கியிருக்கியே, எப்படிடா?”

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. ஒன்றுமே தெரியாதவன் பத்து வாங்கும் இடத்தில் கொஞ்சம் தெரிந்தவன் நாலு வாங்குகிறான். இந்த வகைத் தேர்வின் சூட்சுமமே அதுதான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். சரியென்றால் 4, தப்பென்றால் 1 கழியும். ஒரு குரங்கு உட்கார்ந்து கேள்விக்கு ஒரு வட்டமாகக் குருட்டாம்போக்கில் கறுத்துவைத்தால் சராசரியாக 45 சரியாகும். அதற்கு 180 மார்க். தப்பான 135-க்கு 135 போனாலும் கையில் 45 நிற்கும். குரூப் 4-ல் தப்புக்குத் தண்டனை கிடையாது. 200 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை வீதம் 300 மார்க். அங்கே குரங்கு 75 வாங்கும். குறைந்தபட்சம் 90 வேண்டும் என்பதால் பதினைந்தில் கோட்டைவிடும். அதற்கு முன்பே தமிழ்ப் பகுதி அதை மடக்கிவிடும்: 150-க்கு 60 எடுத்தாக வேண்டும், குரங்குக்கு வருவதோ முப்பத்தேழரை. தமிழ் தெரியாத குரங்குக்குத் தமிழ்நாட்டில் அரசு வேலை இல்லை என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒரு பேருந்து ஊரிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. சராசரி வேகம் என்ன? 50, 48, 52, 45. குரங்குக்கு 48-ஐத் தொட நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முழுக்கப் படித்தவர் தூரத்தை 120 என்று வைத்துக்கொள்வார். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. நாம்? நாற்பதும் அறுபதும் நூறு, பாதி ஐம்பது. அட, முதல் விடையாகவே இருக்கிறதே! முருகா என்று கறுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம், அதுவும் சந்தோஷமாக. நமக்கு வாய்ப்பு நாலில் ஒன்றுகூடக் கிடையாது, சுத்தமாகப் பூஜ்யம். அந்த 50 தானாக வந்து அங்கே உட்காரவில்லை. வினாத்தாள் தயாரித்தவர் நம்மை நினைத்துக்கொண்டு, நமக்காகவே போட்ட இலை அது. சரியான விடைக்கு அவர் பெரிதாக மெனக்கெடுவதில்லை, அது கணக்கிலேயே இருக்கிறது. தப்பான மூன்றுக்குத்தான் யோசிப்பார். நாம் எங்கே சறுக்குவோம் என்று நம் வாத்தியாரைவிட அவருக்குத் தெரியும்.

ஆகவே முதல் ஆலோசனை: பார்த்தவுடன் விடை தெரிந்துவிட்டால் பயப்படுங்கள்.

சைகை முறை பற்றிப் பலர் கேட்பார்கள். தலையைச் சொறிந்தால் அ, காது ஆ, மூக்கு இ, தாடை ஈ என்று நாங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தோம். விடை சொல்ல வேண்டியவனுக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். எங்கள் வரிசையில் ஆறு பேர் ‘இ’ எழுதியே தாளை நிரப்பினோம். இப்போது வினாத்தொகுப்பையே ஆளுக்கொரு வரிசையில் மாற்றிக் கொடுத்துவிடுவதால் இந்தக் கலை அழிந்துவருகிறது.

‘கூற்று, காரணம்’ வகைக் கேள்விகள் வந்தால் என்ன செய்வது? கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் கூற்றுக்கு அது காரணமல்ல என்று ஒரு விடை இருக்கும். வீட்டில் நடக்கும் சண்டைகள் முக்கால்வாசி இந்த வகை என்பதால் திருமணமானவர்களுக்கு எளிது. மற்றவர்கள் பழகிக்கொள்ளவும்.

சில நேரம் விடையைத் தயாரித்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். 2024 நீட் இயற்பியலில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள். புதிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி ஒரு விடை, பழைய புத்தகப்படி இன்னொரு விடை. தேர்வு நடத்தியவர்கள் இரண்டுக்கும் மார்க் கொடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யைக் கேட்டது. மூன்று நிபுணர்கள் உட்கார்ந்து பார்த்து, நாலாவது விடை ஒன்றுதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த 4 போய், தப்புக்கான 1-ம் போய், ஆளுக்கு 5 மார்க் காணாமல் போனது. முதலிடத்தில் இருந்தவர்களில் 44 பேரைக் கீழே இறக்கியது அந்த ஒரே கேள்வி. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சிக்கனம். அந்த வருஷம் அதன் விலை ஐந்து மார்க்.

வட்டத்தைக் கறுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கான்சஸில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் 1914-15 வாக்கில் இந்த வகைத் தேர்வைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். ஒரே விடைத்தாளுக்கு ஆளுக்கொரு மார்க் போடும் ஆசிரியர்களைக் கட்டுப்படுத்துவது அவர் நோக்கம், நல்ல நோக்கம்தான். எனக்குப் பிடித்தவர் அவரல்ல, ரெனால்ட் ஜான்சன். மிச்சிகனில் பள்ளி அறிவியல் ஆசிரியர். சின்ன வயதில் அக்காமாரைப் பார்க்க வரும் வாலிபர்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு இழுத்துவிடுவாராம். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதால் வண்டி கிளம்பாது. அந்தக் குறும்பை நினைவில் வைத்திருந்து, பென்சில் குறிகளில் மின்சாரம் பாய்ச்சி மார்க் எண்ணும் இயந்திரத்தைச் செய்தார். 1938-ல் அது ஐ.பி.எம். 805 என்ற பெயரில் வெளிவந்தது. அன்று கார்களை நிறுத்திய அதே கரி பிறகு பிள்ளைகளுக்கு மார்க் போட்டது. இன்றைய இயந்திரங்கள் ஒளியால் படிக்கின்றன. நம்மூரில் பென்சிலுக்குப் பதில் கருப்புப் பேனா. ஒரு தடவை கறுத்தால் கறுத்ததுதான். அழிக்க முடியாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத முடியாது, ‘ஐயா, பின்பக்கம் பார்க்க’ என்று அம்புக்குறியும் போட முடியாது. பள்ளித் தேர்வில் அந்தச் சலுகையெல்லாம் உண்டு. அங்கே ‘குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்’ என்றே போட்டிருப்பார்கள், எங்கள் அணிகள் பாடகனைப் போன்றவர்களை உத்தேசித்து.

டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. ‘விடை தெரியவில்லை’ என்றால் அதைக் கறுக்க வேண்டும். எதையும் வெறுமனே விடக் கூடாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு அரசாங்கமே வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. நான் எழுதிய தேர்வுகளில் அதை ஒரு தடவையும் தொட்டதில்லை. தப்புக்கு மார்க் கழியாதபோது தெரியாது என்று எவன் சொல்வான்?

அதைவிடப் பெரிய சோதனை கடைசியில் வரும். எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை சி, டி, ஈ என்று எண்ணி எழுத வேண்டும். கூட்டினால் 200 வர வேண்டும். மூன்று மணி நேரம் கூட்டு வட்டியும் ரயில் வேகமும் போட்ட கை இது. எனக்கு முதல் தடவை 199 வந்தது. எதையோ விட்டுவிட்டேனா என்று 200 கேள்வியையும் தேடினேன், விடவில்லை. மறுபடி எண்ணினால் 201. சூப்பர்வைசர் அம்மா என் மேசைக்கு வந்து, “என்ன சார், இன்னும் முடிக்கலையா?” என்றார். எண்ணுகிறேன் என்றேன். கூட்டல் கணக்குக்கு விடை முதலிலேயே தெரிந்திருந்தும் தப்பாக வந்தது என் வாழ்க்கையில் அன்றுதான்.

வெளியே வந்ததும் வாசலில் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். பத்துப் பேர் கூடியிருப்பார்கள். பேருந்துக் கணக்குக்கு ஒன்பது பேர் 50 என்பார்கள். அந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள். சாயங்காலத்துக்குள் பயிற்சி மையங்களின் ஆன்சர் கீ வாட்ஸ்அப்பில் வரும், மையத்துக்கு ஒரு விடையாக. பிறகு தேர்வாணையத்தின் உத்தேச விடைகள், அதற்கு ஆட்சேபம், பிறகு இறுதி விடைகள். அதுவரை நீங்கள் வாங்கிய மார்க் தினமும் ஏறி இறங்கும்.

இவ்வளவு படித்தும் போகத்தான் போகிறீர்கள் என்றால், கருப்பு மைப் பேனா இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார்.