மைனஸ் 30-க்கு ஒரு ஜன்னல்

கனடாவில் வின்னிபெக் நகரத்தில் என் மகள் ஒரு பழைய வீடு வாங்கினாள். ஜன்னல்களை மாற்ற வேண்டுமாம். "அப்பா, சட்டம் எதுல போடலாம்? மரமா, அலுமினியமா, வினைலா, ஃபைபர்கிளாஸா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். ஆரணியில் முப்பத்தைந்து வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் மகள் கேட்டதற்குத் தெரியாது என்று சொன்ன அப்பன் எங்கள் தெருவில் இதுவரை கிடையாது.

"தேக்குதாம்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். என்னை இல்லை, தறிக்கூடத்து ஜன்னலை. அதுவும் தேக்குதான், அப்படிச் சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார்கள். ஐப்பசி மழையில் உப்பி நிலையோடு ஒட்டிக்கொண்டால், தை பிறந்தால்தான் அதற்கு வழி பிறக்கும். ஆசாரி வந்து "கொஞ்சம் இழைச்சா சரியாப்பூடும்ணே" என்பார். வருஷா வருஷம் இழைத்ததில், கோடையில் அந்த இடுக்கு வழியாகப் பூனைக்குட்டி போய் வருகிறது. எங்கள் தொழிலில் இழை சேர்ந்தால் துணி. அவர் தொழிலில் இழைக்க இழைக்க ஓட்டை.

"அப்ப அலுமினியம். துருப் பிடிக்காது, கறையான் அரிக்காது" என்று கட்சி மாறினேன்.

இந்த இடத்தில் மாப்பிள்ளை போனை வாங்கினார். "மாமா, இங்க ஜனவரி ராத்திரி மைனஸ் 30 கூடப் போகும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டுச் சேர்த்த சூடெல்லாம் சட்டம் வழியா வெளிய போயிடும்." நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்து, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரித்த அலுமினியமும் உண்டாம். இருந்தாலும் அவருக்கு நம்பிக்கையில்லை. பழைய வீட்டில் இட்லிப் பானை வைத்தாலே ஜன்னல் சட்டம் வேர்க்குமாம். ஐஸ்தண்ணீர் ஊற்றிய செம்பு வேர்ப்பது மாதிரி. ராத்திரி அந்த வேர்வையும் உறைந்து, காலையில் கத்தியால் சுரண்டி எடுப்பார்களாம். இட்லி சாப்பிட இவ்வளவு பாடா!

மீதி இருந்தது வினைலும் ஃபைபர்கிளாஸும். வினைல் என்பது நம்ம ஊரில் யுபிவிசி என்று விற்கிற அதே சாமான்தான். உள்ளே அறை அறையாகக் காற்றை அடைத்து வைத்திருப்பதால் குளிர் சுலபத்தில் தாண்டாது. விலையும் சகாயம். ஆனால் நீண்டு சுருங்குகிற குணம் அதிகம். 2 மீட்டர் நீளச் சட்டம் கோடையில் 30 டிகிரியிலிருந்து குளிரில் மைனஸ் 30-க்குப் போனால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளக் கண்ணாடி 1 மில்லிமீட்டர்தான். ஃபைபர்கிளாஸ் கண்ணாடி இழையில் செய்தது என்பதால், கண்ணாடி அளவுக்குத்தான் அதுவும் அசையும்.

இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் பாடம்! பட்டு உடம்புக்கு வேறு நூலில் கரை போட்டுப் பாருங்கள். தறியில் இருக்கும்வரை லட்சணமாக இருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்க மாட்டேன் என்று நிற்கும். கரை பொரித்த அப்பளமாக நெளிந்துவிடும். "கண்ணாடியோட சேர்ந்து சுருங்கறதைப் போடுங்க மாப்பிள்ளை. ஃபைபர்கிளாஸ்!" என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. என் ஞானத்தைக் கண்டு வாயடைத்துப் போனார் என்று நினைத்தேன். சிக்னல் போயிருந்தது.

கடைசியில் அவர்கள் போட்டது வினைல். ஃபைபர்கிளாஸ் விலையைக் கேட்டுவிட்டு மகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பட்டு எது என்று தெரிந்தும் ஆர்ட் சில்க் எடுத்துப் போகிறவர்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொண்டதில்லை.

மார்கழியில் ஒருநாள் புது ஜன்னலை வீடியோவில் காட்டினாள். இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு. அப்பழுக்கில்லாத வெள்ளைச் சட்டம். அதற்கு அப்பால், அதைவிட வெள்ளையாகத் தெரு.

"திறந்து காட்டும்மா, பாக்கலாம்" என்றேன்.

"திறக்கறதா? ஏப்ரல், மே ஆகும்ப்பா."

என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "அதைக் காட்ட வேண்டாம்டி. இதைப் பாரு" என்று தறிக்கூடத்துக்குப் போய், ஐப்பசியில் மூடிய எங்கள் தேக்கை அவளுக்குக் காட்டினாள். "நாங்களும் இன்னும் திறக்கல. உனக்கு எவ்வளவு ஆச்சு?"