பேராண்டி வாங்கின ரெண்டு பெட்டி

வாய்யா பேராண்டி, திண்ணையில உக்காரு. வெயில்ல அலைஞ்சு ரெண்டு பெட்டி வாங்கியாந்திருக்கியாமே. ஊர்ப் பிள்ளைக பூரா கம்ப்யூட்டர்ல நூறு டிராக் ஓட்டுதுக. நீ மட்டும் டேப்பைத் தேடிப் போயிருக்க. நம்ம வம்சத்துல இதுக்கு முன்னால இம்புட்டுப் புத்தி எனக்கு மட்டும்தான் இருந்துச்சு.

ஒண்ணு அலெசிஸ் ஏடாட்டு. 1992-ல கடைக்கு வந்தது. இன்னொண்ணு டாஸ்காம் டி.ஏ.-88, அதுக்கு அடுத்த வருசத்துப் பிள்ளை. அது தின்கிறது எஸ்.வி.எச்.எஸ். கேசட்டு, இது தின்கிறது ஹை8. ரெண்டுக்கும் எட்டெட்டு டிராக். ரெண்டும் ஏடாட்டாவே வாங்கியிருந்தா ஒரு ஒன்பது முள்ளு வயரை மாட்டிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். 16 பெட்டி வரைக்கும் ஒரு சாம்பிள் பிசகாம ஓடும். டாஸ்காமும் தன் இனத்துக்குள்ள அப்படித்தான். நீ மலிவா கிடைச்சுதுன்னு ஒண்ணொண்ணா பொறுக்கிட்டு வந்திருக்க. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திய ஒரே பந்தியில உக்கார வச்சாச்சு, இனி நடுவுல ஒரு தரகன் வேணும். அவன்தான் டைம்கோடு.

அவன் தொழில் லேசு. "இப்ப ஒரு மணி, ரெண்டு நிமிசம், மூணு வினாடி, நாலாவது பிரேம்"னு வினாடிக்கு 25 தடவை கூவிக்கிட்டே இருப்பான். ஒவ்வொரு கூவலும் 80 பிட்டு. காதுல கேட்டா செவிக்குள்ள வண்டு போன மாதிரி கிர்ருங்கும். உன் ஆச்சி ஒருநாள் கேட்டுட்டு, ரேடியோவுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு திருநீறு போட்டா. ஏடாட்டுப் பக்கம் பி.ஆர்.சி.ங்கிற ரிமோட் பெட்டி இந்த டைம்கோடைப் பேசும். டி.ஏ.-88 காதுல அது விழணும்னா உள்ளார எஸ்.ஒய்.-88 அட்டை இருக்கணும். விக்கிறவன் அதை உருவிட்டுக் குடுத்தானான்னு கழட்டிப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. உங்கப்பன் மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாத்தானாக்கும், நீ பாக்க!

ரெண்டு பெட்டியிலயும் 25-ன்னே வையி. சினிமாவுக்கு 24, அமெரிக்கக் கலர் டிவிக்கு 29.97. அந்த ஊர்க்காரன் மணிக்கணக்கு ஒத்துவரணும்னு ஒரு மணி நேரத்துல 108 நம்பரைத் தாண்டி எண்ணுவான். படம் ஒண்ணும் காணாமப் போகாது. எட்டாம் நம்பர் ஆகாதுன்னு ஏழாம் வீட்டுக்கு அடுத்து ஒன்பதுன்னு பலகை மாட்டுதாம்லா, அந்த மாதிரிதான்; வீடு அங்கனயேதான் இருக்கும். அந்த வம்பு நமக்கு எதுக்கு? டைம்கோடைப் பூச்சியத்துல ஆரம்பிச்சும் தொலைச்சிராத. ரெண்டு அடி பின்னால போனா முந்தின நாள் ராத்திரி 23 மணி ஆயிரும், பெட்டி கிறுக்குப் பிடிச்சு ஒரு நாள் பூரா தேடும். ஒரு மணியில தொடங்கு. பாட்டுக்கு முன்னால பத்துப் பதினஞ்சு வினாடி சும்மா ஓட விடு. பின்னால வாரவன் எட்டிப் பிடிக்கணும்லா?

இம்புட்டும் பண்ணிட்டு மீசையை முறுக்குவ, எனக்குத் தெரியும். நானும் முறுக்கினவன்தான்.

கோடம்பாக்கத்துல ஒரு ஸ்டுடியோ, பேர் வேண்டாம். தவிலுக்கு ரெண்டு மைக்கு. வலந்தலை ஒரு பெட்டியில, தொப்பி இன்னொரு பெட்டியில. டைம்கோடு வெளக்கு பச்சையா மின்னுது. பாட்டு ஆரம்பத்துல இடி மாதிரி இருந்த தவிலு, அஞ்சாவது நிமிசத்துல தகர டப்பாவுக்குள்ள அடிச்ச மாதிரி கேட்டுச்சு. வித்வானை மூணு தடவை வாசிக்க வச்சோம். நாலாவது தடவை கேட்டதும் அவரு வெத்திலையைத் துப்பிட்டு எந்திரிச்சுட்டாரு. பிசகு அவரு விரல்ல இல்லைய்யா, சுவிட்சுல. ரெண்டாவது பெட்டி கிளாக்கு 'இன்டர்னல்'ல கெடந்துச்சு.

எங்க நிக்கேன்னு சொல்லத்தான் டைம்கோடு. எம்புட்டு வேகத்துல நடக்கணும்னு அது சொல்லாது. ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவுல, வினாடிக்கு 48,000 சாம்பிள் கணக்குல, 1,920 அடி எடுத்து வைக்கணும் பெட்டி. டைம்கோடை ஒருதரம் பிடிச்சதும், தன் படிகக் கடிகாரம் சொல்லுத மாதிரி அதுபாட்டுக்கு ஓடும். வினாடிக்கு ஒரு சாம்பிள் பிந்தினாக்கூட அஞ்சு நிமிசத்துல 300 சாம்பிள், ஆறு மில்லி செகண்டு. தவிலைத் தகரமாக்க அதுவே தாராளம். நடையைச் சொல்ல வேர்ட் கிளாக்குன்னு தனி வயரு இருக்கு, பி.என்.சி. முனை. ஏடாட்டுப் பக்கம் இருந்து அதை இழுத்து டி.ஏ.-88-ல சொருகி, அங்கன கிளாக்கை 'வேர்ட்'டுக்குத் தள்ளு. டைம்கோடு, கிளாக்கு ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வரணும். ஒண்ணு மேலத்தெருவுல இருந்தும் ஒண்ணு கீழத்தெருவுல இருந்தும் வரப்பிடாது.

அந்த வயரு வாங்கலையே நீ? மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ரெண்டு பெட்டிக்குக் கொட்டிக் குடுத்த பய, முந்நூறு ரூவா வயருக்கு யோசிச்சிருக்க.

போய் வாங்கிட்டு வா. கோயில் கொடைக்கு வாசிச்ச நையாண்டி மேளம் 16 டிராக்கு, ரெண்டு வகைக் கேசட்டுலயும் பாதிப்பாதி, என்கிட்டக் கெடக்கு. உன்கிட்டத்தான் ஓட்டிப் பாக்கணும். காசு கீசுன்னு கேட்டுராத.