மணமக்கள் படம் போட்ட சீட்டுக்கட்டும் ரம்மியின் சட்டநிலையும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கோடு தாம்பூலப் பை கொடுத்து அனுப்பிய காலம் போய், எவர்சில்வர் டப்பா, மரக்கன்று என்று இத்துறை வெகுவாக வளர்ந்துவிட்டது. அதன் புதிய வரவு, மாப்பிள்ளை பெண் படம் அச்சிட்ட சீட்டுக்கட்டு. தேங்காய்க்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் சட்னி அரைத்துவிடுவார்கள். சீட்டுக்கட்டு என்றால் ஆட வேண்டியிருக்கிறது. ஆடினால் ரம்மிக்கும் உறவுக்கும் என்ன நேரும் என்பது பற்றி அறிஞர்கள் இதுவரை வாய் திறக்காததால் இக்கட்டுரை அவசியமாயிற்று.

களம்: மண்டபத்து மாடி ஹால். காலம்: முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, பந்தி முடிந்த பின். ஆய்வுக்கு உட்பட்டோர்: பெண்ணின் பெரியப்பா, இரண்டு சித்தப்பாக்கள், சமையல்காரரோடு வாக்குவாதம் முடித்துவிட்டு வந்த தாய்மாமா. கொண்டுவந்த கட்டில் சீட்டு குறையவே, ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்த பரிசுப் பெட்டிகளில் கை வைத்தார்கள்.

கட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராஜா நால்வரும் மாப்பிள்ளை. இஸ்பேட்டில் கோட்டு சூட்டு, ஆட்டினில் பட்டு வேட்டி, டைமனில் கூலிங்கிளாஸ், கிளாவரில் பைக்கில் சாய்ந்து நிற்கிறார். ராணி நால்வரும் பெண். ஜாக்கி உத்தியோகம் மாப்பிள்ளையின் தம்பிக்கு. ஜோக்கர் யார் என்பதில்தான் குடும்ப ராஜதந்திரம் இருக்கிறது. பெண் வீட்டாரில் ஒருவரைப் போட்டால் சம்பந்தம் முறியும். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரைப் போட்டால் மண்டபமே முறியும். ஆகவே வீட்டு நாயைப் போட்டிருந்தார்கள். ரம்மியில் ஜோக்கரைவிட உயர்ந்த சீட்டு இல்லை என்பதை மட்டும் இரு வீட்டாரும் யோசிக்கவில்லை. நாய் வந்தால் எல்லாருக்கும் முகம் மலர்கிறது. மாப்பிள்ளை வந்தால் சுளிக்கிறது.

சுளிப்பதற்குத் தனிப்பட்ட விரோதம் காரணமல்ல. படச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10 பாயின்ட். எதிராளி டிக் அடித்துவிட்டால் கையில் சேராமல் நிற்கும் ராஜா ராணியெல்லாம் தலையில் விடியும். ஆகையால் அவர்களை முதலிலேயே கழித்துவிடுவது விவரமான ஆட்டம். ஜமக்காளத்தின் நடுவே பட்டுப்புடவையில் மணமகள் கிடக்க, “இந்த ராணி யாருக்குமே வேண்டாமாப்பா?” என்று பெரியப்பா உரக்கக் கேட்டது, பூக்கூடையோடு அவ்வழியே போன சம்பந்தியம்மாள் காதில் விழுந்தது. விளைவுகளை வேறொரு கட்டுரையில்தான் விவரிக்க முடியும்.

இனி முதுகு. சீட்டின் முதுகு இப்படிப் பார்த்தாலும் அப்படித் திருப்பினாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் பாலபாடம். இக்கட்டின் முதுகில் மணமக்கள் கைகோத்து நின்றார்கள். ஒரு சீட்டை மட்டும் திருப்பிச் செருகினால் கட்டுக்குள் ஒரு ஜோடி தலைகீழாக நிற்கும். அது என்ன சீட்டு என்று திருப்பியவருக்குத் தெரியும். மந்திரவாதிகள் இந்த வித்தையைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். தாய்மாமா இரண்டாவது ஆட்டத்திலேயே சுயமாகக் கண்டுபிடித்துவிட்டார்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சீட்டில் இரண்டு தாளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவாத கறுப்புப் பசை இருக்கும். மேலே பொடிப்பொடிக் குழிகள் இருக்கும். குழியில் காற்று நிற்பதால் சீட்டு வழுக்கிப் பிரியும். இதுவோ போட்டோ ஆல்பம் போல் வழவழவென்று லேமினேட் செய்தது. மண்டபத்துப் புழுக்கத்தில் கலைக்கப் போனால் மூன்று மாப்பிள்ளைகள் சேர்ந்தே வந்தார்கள்.

சீட்டில் கைவைப்பது இன்று நேற்று வந்த ஆசையல்ல. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 வாக்கில், ராஜா ராணியை ஒழித்துவிட்டு சுதந்திரம், சமத்துவம் முதலியவற்றைச் சீட்டில் ஏற்றினார்கள். நெப்போலியன் காலத்தில் ராஜாக்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் வந்த கட்டில் ராஜாவுக்குப் பதில் கர்னல், ஜாக்கிக்குப் பதில் மேஜர், அதுவும் நிலைக்கவில்லை. அழகான சீட்டு ஆடத் தோதுப்படாது என்று இதை வைத்து முடிவுகட்டிவிடவும் கூடாது. தசாவதாரக் கஞ்சிபா வட்டச் சீட்டுகளைப் பாருங்கள்: பத்து அவதாரம், அவதாரத்துக்கு 12 சீட்டு, மொத்தம் 120, எல்லாம் கையால் வரைந்தவை. மைசூர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் சீட்டு ஆட்டங்களையே புதிதாக வகுத்தார். ஆனால் அந்தச் சித்திரக்காரர்கள் இனத்துக்கு இனம் அடையாளம் குழம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். மச்சத்தைக் கூர்மம் என்று யாரும் எண்ணிவிட முடியாது.

முகத்தை மனதில் பதிய வைப்பதற்கென்றே அச்சிட்ட கட்டுக்கும் முன்மாதிரி உண்டு. 2003இல் அமெரிக்க ராணுவம் ஈராக்கில் தேடப்படுவோரின் படங்களைப் போட்டுச் சிப்பாய்களுக்குச் சீட்டுக்கட்டு கொடுத்தது. இஸ்பேட் ஏஸ் சதாம் உசேன். மாப்பிள்ளை வீட்டாரின் நோக்கம் வேறாயினும் முறை அதுவேதான்.

இப்போது சட்டம். 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன காரணங்களில் ஒன்று, விழுகிற சீட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது. மூன்று சீட்டு ஆட்டத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நம் கட்டில் மூலை எழுத்துகளைக் கல்யாணப் பத்திரிகை பாணியில் சுழித்துத் தங்க நிறத்தில் போட்டிருந்தார்கள். சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. விழுந்தது வேட்டி மாப்பிள்ளையா, பைக் மாப்பிள்ளையா என்று சின்னச் சித்தப்பா கடைசிவரை தெளியவில்லை. நினைவு போனால் திறமை போயிற்று. திறமை போனால் மிஞ்சுவது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின்மேல் காசு வைத்தால் சூதாட்டம். பாயின்ட்டுக்குக் கால் ரூபாய் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை அச்சிட்டதாலேயே ஒரு கௌரவமான குடும்பம் குற்றவாளிக் கூண்டின் வாசல்வரை போயிருக்கிறது. கட்டுரையாளர் வக்கீல் அல்ல. வாதத்தில் ஓட்டை இருந்தால் வக்கீல்கள் சொல்லட்டும்.

இத்தனைக்கும் இக்கட்டின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. பிரித்தவுடன் எல்லாரும் ஆளுக்கொரு சீட்டை எடுத்துப் பார்த்து, “அட, நம்ம பொண்ணு!” என்றார்கள். ஆட்டம் அதற்குப் பிறகுதான் கெட்டது. சேகரிப்பாளர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்று 1970இல் அச்சிட்டு மலிவாக விற்ற கட்டு பிற்பாடு நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது, அதுவும் பிரிக்காமல் இருந்தால்.

அச்சடிக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இஸ்பேட் ஏஸ் தொன்றுதொட்டுப் பெயர் போட்டுக்கொள்ளும் இடம். ஆங்கிலேய அரசு வரி வசூலுக்காக அதைத் தானே அச்சிட்டு வைத்திருந்தது. கள்ள ஏஸ் அடித்த ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805இல் தூக்கிலும் போட்டது. இன்று அந்த ஆபத்து இல்லை. மணமக்கள் படத்தை அங்கே போடுங்கள், பெட்டியின்மேல் போடுங்கள். மற்ற 51 சீட்டையும் விட்டுவிடுங்கள். அப்படியே ஆளுக்கு இரண்டு கட்டாகக் கொடுங்கள். ரம்மிக்கு ஒரு கட்டு போதாது.