மூக்குத்தியில் எத்தனை கல்?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சகலையின் பார்வை என் வீட்டு டிவி மேல் விழுந்துவிடும். அதன் பிறகு நானோ, என் மனைவியோ, அவள் நீட்டும் தண்ணீர்ச் சொம்போ அவர் கண்ணில் படுவதில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார்:

"எப்படி சகலை இதைப் பாக்குறீங்க?"

எப்படிப் பார்ப்பது? உட்கார்ந்துதான்.

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க. தோசை மாவை ஊத்தி இழுத்து விட்ட மாதிரி பரந்து கெடக்கு!"

எங்கள் செட்-டாப் பாக்ஸ் பழைய டப்பா. அதிலிருந்து வருவது சதுரப் படம். டிவியோ அகலம். இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தால், 'காசு கொடுத்து வாங்கின டிவி பாதி சும்மா கெடக்குதே' என்று வீட்டில் ஆற்றாமை வரும். அதனால் படத்தை இழுத்து ஓரம் வரை ஒட்டவைத்திருக்கிறோம். பல வருஷமாக எல்லாரையும் குண்டாகவே பார்த்துப் பழகிவிட்டது. இனி யாராவது ஒல்லியாகத் தெரிந்தால் 'பாவம், உடம்புக்கு என்னவோ' என்று நாங்கள் பதறக்கூடும்.

எச்.டி. டப்பா மாட்டியவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. சிலருக்கு மைத்துனர், சிலருக்கு மாடி வீட்டுக்காரர். எனக்குச் சகலையாக வாய்த்தார்.

கும்பகோணத்தில் அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் பரீட்சை. ஏதாவது ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கொடுமைக்கார மாமியாராக வரும் அம்மா திரை நிறைய முகத்தோடு மருமகளைத் திட்ட வாயெடுப்பார். சகலை படத்தை நிறுத்திவிடுவார். ரெக்கார்டிங் வசதி உள்ள டப்பா. ஓடுகிற நிகழ்ச்சியையே நிறுத்தி வைக்கலாம். ரிமோட்டில் மற்ற பொத்தான்களெல்லாம் புத்தம் புதுசாக இருக்க, அந்த ஒன்று மட்டும் தேய்ந்து குறி அழிந்து போயிருக்கிறது.

"சொல்லுங்க சகலை. அந்த அம்மா மூக்குத்தியில எத்தனை கல்லு?"

நான் முதல் தடவையே "ஏழு" என்றேன். எண்ணிச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருப்பது ஏழு கல்.

"கரெக்ட்! உங்க வீட்டு டப்பாவுல இது தெரியுமா? மூக்கு தெரியுமா முதல்ல?"

அன்றிலிருந்து ஏழு என்பது அந்த வீட்டின் அதிகாரபூர்வ விடை. பால்காரர், கீழ் வீட்டுப் பையன், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எல்லாரும் ஏழு சொல்லித் தேறினார்கள். சிலிண்டர் போட வந்த தம்பி மட்டும், தோளில் சிலிண்டரோடு நின்றபடியே, "எட்டு சார்" என்றான். அவனுக்குக் கால் மணி நேர வகுப்பு நடந்தது. சிலிண்டரை இறக்கி வைக்கச் சொல்லக்கூட சகலைக்குத் தோன்றவில்லை.

வகுப்பின் பாடம் எனக்கு மனப்பாடம். பழைய படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576, பெருக்கினால் 4,14,720. எச்.டி.யில் 1,920-ஐ 1,080-ஆல் பெருக்க வேண்டும்; 20,73,600. "அஞ்சு மடங்கு சகலை! ஒரு புள்ளி கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." கணக்கு சரிதான், போட்டுப் பார்த்தேன். 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சேனல் கட்டணத்தை மாற்றி அமைத்தபோது 130 ரூபாய்க்கு 100 சேனல் என்று வைத்து, அந்த நூறில் எச்.டி. சேனல் ஒன்றை இரண்டாகக் கணக்குப் பண்ணச் சொன்னது. நாமெல்லாம் இதென்ன அநியாயம் என்றோம். சகலை மட்டும் மகிழ்ந்து போனார். "ஒண்ணு ரெண்டுக்குச் சமம்னு கவர்மெண்ட்டே ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா?"

அந்த வீட்டில் யாரும் கதை பார்ப்பதில்லை என்பதுதான் என் மாமியாரின் குறை. மருமகள் கண்ணீர் விட்டால் துளி உருளும் இடத்தில் படம் நிற்கும். கோயில் காட்சியில் கற்பூரம் ஏற்றினால் புகை இழை இழையாகத் தெரிகிறதா என்று நிற்கும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "மாப்ளே, அவ அழுது முடிச்சுடட்டும். அப்புறமா எண்ணுங்க."

கிரிக்கெட் இன்னும் மோசம். பந்தின் தையல், மட்டையாளரின் கைப்பட்டை, புல்லின் நுனி என்று நிறுத்தி நிறுத்தி, ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். கடைசி ஓவர் தொடங்க, பதினாலு ரன் வேண்டும். தெருவில் சரவெடி வெடித்தது. "ஜெயிச்சாச்சு போல" என்றேன். "அது கெடக்கட்டும். அந்த ஸ்டம்ப்புல இருக்கிற மண்ணப் பாருங்க" என்றார் சகலை.

சிரிக்கிறேனே தவிர, அவர் அந்தக் காலத்து மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். வேதாரண்யம் பக்கத்துக்காரர். எண்பதுகளில் அந்தக் கரையில் சென்னைத் தொலைக்காட்சி எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கையின் ரூபவாஹினிதான் எட்டும். மொட்டை மாடியில் இரண்டு ஜி.ஐ. பைப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, உச்சியில் ஆன்டெனா, அதற்கொரு பூஸ்டர். காக்கை உட்கார்ந்தால் படம் போகும். காற்று அடித்தால் மழை பெய்வது போலப் புள்ளி கொட்டும். அந்தப் புள்ளி மழைக்குள்ளே எங்கேயோ ஓடிய பந்தைக் கண்டுபிடித்துக் கைதட்டிய தலைமுறை. அப்படிப்பட்டவர் இன்றைக்குப் புல்லை எண்ணுகிறார் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அவர் எனக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு வந்து அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி வேறு செயற்கைக்கோளுக்கு மாறியதால் எங்கள் வீட்டு டிஷ்ஷை 93.5 டிகிரியிலிருந்து 91.5-க்குத் திருப்பியாக வேண்டும். சகலை ஸ்பேனரோடு முதல் பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்துவிட்டார். இங்கிருந்து செயற்கைக்கோள் தென்கிழக்கில் இருக்கிறது. "அடுப்புக்கு மட்டும் இல்ல சகலை, டிஷ்ஷுக்கும் அக்னி மூலைதான்!" என்றபடி மாடி ஏறினார். அவர் மாடியில், என் மனைவி படிக்கட்டில், நான் டிவி முன்னால்.

"வருதா?"

"அத்தான் வருதான்னு கேக்குறாரு!"

"வந்துச்சு... போச்சு!"

"வந்துச்சாம் அத்தான்!"

"போச்சுன்னும் சொல்லு!"

கீழே டிஷ்ஷின் ஓரம் ஒரு விரற்கடை நகர்ந்தால் மேலே செயற்கைக்கோள் பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது. அந்த ஒரு விரற்கடையை வெயிலில் மூன்று மணி நேரம் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் டப்பா விஷயத்தில் அவரை மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை புதுசு வாங்கும்போதும் பழைய டப்பாவை மஞ்சள் பையில் போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். "நல்லாத்தான் ஓடுது சகலை, உங்களுக்கு உதவும்." உதவாது. அவருக்கு ஒரு கம்பெனி, எனக்கு வேறு கம்பெனி. இதன் கார்டு அதில் ஏறாது. எந்த கம்பெனி போனையும் எந்த சிம்மோடும் வைத்துக்கொள்ளலாம். டப்பா மட்டும் தாலி கட்டியது போல ஒரே கம்பெனிக்கு. எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி டப்பா இருக்க வேண்டும் என்று டிராய் 2020-இல் பரிந்துரை செய்தது. அப்படியும் என் பரண்மேல் நாலு டப்பா இருக்கிறது. நாலும் நன்றாகத்தான் ஓடும். தூக்கிப் போடலாமென்றால், "அந்த டப்பா எப்படி இருக்கு?" என்று குழந்தையை விசாரிப்பது போல விசாரிக்கிறார்.

போன ஐப்பசியில் அடைமழை நாளொன்றில் அவர் வீட்டில் இருந்தேன். மழை வலுத்ததும் சிக்னல் போயிற்று. எச்.டி. ஆனாலும் அது வருவது மழைத்துளி தாங்காத அதே அலைவரிசையில்தான். சகலைக்கு இப்போது மூட்டு வலி, குனிய முடியாது. "பின்னால வயர் எதுவும் ஆடுதான்னு பாருங்க" என்றார். நான் டிவிக்குப் பின்னால் தலையை விட்டேன்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர்.

பழைய வி.சி.டி. பிளேயர் காலத்து வயர். சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு, மஞ்சள் படத்துக்கு. அந்த மஞ்சள் வயரில் எச்.டி. படம் போகவே போகாது. கீழே டப்பா வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் எச்.டி.எம்.ஐ. கேபிள், சுற்றிய கம்பி கூடப் பிரிக்காமல்.

"சகலை, இது ஏன் பெட்டிக்குள்ளேயே கெடக்கு?"

"அது ஸ்பேர்னு மாட்ட வந்த பையன் சொன்னான்."

நாலு மாதம். நாலு மாதமாக அவர் புள்ளிக்கணக்குச் சொன்னார். நாலு மாதமாக நானும் "அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன். கற்பூரப் புகையை இழை இழையாகப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதனால் சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை. பேசாமல் கேபிளைப் பிரித்து மாட்டினேன்.

மழை விட்டு சிக்னல் வந்தபோது இரவு எட்டு மணி. கொடுமைக்கார மாமியார் வாயெடுத்தார். சகலை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நானும் எண்ணினேன்.

எட்டு.

சிலிண்டர் போடும் தம்பி அடுத்த தடவை வந்தால் காபி கொடுத்து உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார்.