சாவியைக் குடு, பட்டாவை வச்சுக்க

வாப்பா, திண்ணையில குந்து. சிமெண்டு ஆலையில மாலை போட்டு, சால்வை போத்தி, சுவர்க் கடிகாரம் ஒண்ணையும் கையில குடுத்து அனுப்பிட்டாங்களாமே. இனிமே நேரத்துக்கு எங்கயும் போகவேண்டாதவனுக்கு எதுக்குய்யா கடிகாரம்? அதை மாட்டின மறுநாளே வீட்டுல மேனேசர் உத்தியோகத்தை ஆரம்பிச்சிட்டியாம். மின்விசிறி ஏன் சும்மா ஓடுது, பால்காரனுக்கு எவ்வளவு பாக்கி, பேரன் ஏன் இன்னும் எந்திரிக்கல... உன் பொண்டாட்டி நேத்து எங்க வீட்டுக்காரிகிட்ட அழாத குறைதான்.

நம்ம சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பாரு. விசேஷ நாள் போக, திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. மத்த நாள் அவ பெரியசாமி மலைக்குப் போயிடுறான்னு நம்ம சனம் சொல்லும். ரெண்டு நாள்தான் காட்சி குடுக்குறா, அதனாலதான் அந்த ரெண்டு நாளும் அங்க கூட்டம் தாங்கல. நீ மருமகளுக்கு ஏழு நாளும், அதுவும் அடுப்படிக்கே போயி தரிசனம் குடுக்குறே. அவ சூடமா கொளுத்துவா?

சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டா மரியாதை நிக்கும்னு நெனைக்கிறே. கங்கைகொண்ட சோழபுரம் இங்கதானே இருக்கு, ஒரு நாளு போயி அதைக் கட்டின ராசா கதையைக் கேட்டுட்டு வா. ராசராசன் 1012லயே மகன் ராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிட்டான். ராசேந்திரன் 1014ல அரியணை ஏறுனான். நாலே வருசம், 1018ல தன் மகன் ராசாதிராசனுக்குப் பட்டம் கட்டி ஆட்சியில பங்கு குடுத்துட்டான். அதுக்கப்புறம் சும்மா உக்காந்தானா? கங்கைக்குப் படை போனது, 1025ல கடாரத்துக்குக் கப்பல் போனது, அந்தச் சோழபுரத்தைக் கட்டினது, சோழகங்கம்னு ஏரி வெட்டினது, எல்லாம் பங்கு குடுத்ததுக்குப் பின்னாலதான். 1044 வரைக்கும் ராசாவாவே இருந்தான். மகன்கிட்ட பொறுப்பைக் குடுத்தவனுக்குத்தான் கடாரம் வரைக்கும் பார்வை போச்சு. உன் பார்வை பிரிட்ஜைத் தாண்டலையே!

ஆனா ஒண்ணு கவனிச்சியா? அவன் அதிகாரத்தைப் பங்கு போட்டான், பட்டாவை எழுதிக் குடுத்துட்டுத் திண்ணைக்கு வரல. நீயும் மக்காச்சோளம் போடுறதா பருத்தி போடுறதாங்குறதைப் பையன் முடிவு பண்ணட்டும், வாயை மூடிக்க. நிலம் மட்டும் உன் பேருலயே இருக்கட்டும். பாசம் பொங்கி எழுதித்தான் குடுப்பேன்னா, ‘என்னையும் என் சம்சாரத்தையும் கடைசி வரை பாத்துக்கணும்’னு பத்திரத்துலயே ஒரு வரி சேத்து எழுது. 2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல 23-ஆம் பிரிவு அதுக்குத்தான் இருக்கு. பாக்கலைன்னா ஆர்.டி.ஓ. கிட்ட மனு குடுத்து எழுதினதை ரத்து பண்ணக் கேக்கலாம். அந்த வரி இல்லாம எழுதிட்டு அப்புறம் கோர்ட்டு வாசல்ல நின்னவங்க எத்தனையோ பேரு.

நம்ம ஊருப் பொம்பளைங்களைப் பாரு. நூறு நாள் வேலைன்னு ஏரிக்கரைக்குப் போவாங்க. மண்ணு வெட்டுறாங்களோ இல்லையோ, ஊருக் கதை பூரா வெட்டிக் கொட்டிட்டு வந்துடுவாங்க. 2021லேருந்து டவுன் பஸ்ல அவங்களுக்கு டிக்கெட்டுக் காசும் இல்ல. பேத்தியைப் பாக்கக் குன்னத்துக்கு, சம்பந்தியோட சண்டை போடப் பெரம்பலூருக்கு... காலுக்குச் சக்கரம்தான். சண்டை போட்டாலும் ஆளோட ஆளு பேசிட்டு வர்றாங்கல்ல? ஆம்பளைங்கதான் ரிமோட்டுக்குக் காவல். சாத்தனூர்ல ஒரு மரம் கல்லாகி, பன்னெண்டு கோடி வருசமா அசையாம கெடக்குது, 18 மீட்டர் நீளம். அதைப் பாக்க எங்கிருந்தோ காரு எடுத்துக்கிட்டு வர்றாங்க. நீ அப்படிக் கெடந்தா எவன் வருவான்? எந்திரிச்சு நீதான் போவணும்.

அமெரிக்காவுல, ஹார்வர்டுல, 1938லேருந்து சில நூறு ஆம்பளைங்களைப் பின்னாலேயே போயி விசாரிச்சுக்கிட்டு வந்தாங்களாம். எண்பது வருசத்துக்கு மேல ஆராய்ஞ்சு, வயசு காலத்துல தெம்பையும் சந்தோசத்தையும் காப்பாத்துறது பணமோ பேரோ இல்ல, நல்ல ஒட்டு உறவுதான்னு கண்டுபிடிச்சாங்களாம். செட்டிகுளத்துல எங்க அப்பாயி ஒரு படி சின்ன வெங்காயம் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லியிருக்கும். செலவும் மிச்சம். இப்ப சர்க்கரை, பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு வாசலுக்கே வருது. பேச்சுத் துணை அப்படி வாசல் தேடி வருமா? சிங்கப்பூர்லேருந்து இன்னொரு பய போன் போட்டா மூட்டு வலி, முதுகு வலி, மூலம்னு வரிசையா ஒப்பிக்கிறியே, அடுத்த வாரமும் அவன் போடுவானா? அங்க மழையான்னு கேளு. அவன் வச்ச குழம்பு எப்படின்னு கேளு.

கிண்டலை இங்க நிறுத்திக்கிறேன். பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டு ரெண்டு வாரம், மூணு வாரம்னு சோறு இறங்காம, தூக்கம் வராம, எதுலயும் மனசு ஒட்டாம மோட்டுவளையையே பாத்துக்கிட்டு இருக்கிறவனை ‘வயசாயிட்டா அப்படித்தான்’னு விட்டுடாதே. அது வயசு இல்ல, வியாதியா இருக்கலாம். மருந்து இருக்கு, குணமாகும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரு இருக்காரு, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ. கூச்சமா இருந்தா 14416க்குப் போன் போட்டுத் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

பெரியவங்களுக்குன்னே 14567னு இன்னொரு நம்பரும் இருக்கு. காலையில 8 மணியிலேருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் எடுப்பாங்க. மருமகளைப் பத்திப் புகார் சொல்ல அதைச் சுத்துறதுக்கு முன்னால, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை, ‘குழம்பு நல்லாருக்கும்மா’ன்னு அவகிட்ட சொல்லிப் பாரு.