ஜெல்லி பாட்டிலும் முயல் உடுப்பும்

கே: ‘கிறிஸ்துமஸ் வெக்கேஷன்’ (1989) படத்தில் போனஸுக்குப் பதில் ஜெல்லி தருகிறார்களாமே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? (வாசகி, விருதுநகர்)

ப: ஜெல்லியில் ஒன்றுமில்லை, அட்வான்ஸில்தான் இருக்கிறது. போனஸ் வந்துவிடும் என்று நம்பி, நீச்சல் குளம் கட்ட 7,500 டாலர் முன்பணம் கொடுத்துவிடுகிறார் கிளார்க் (செவி சேஸ்). கையில் இல்லாத காசு. படம் முழுக்க போனஸ் ஏக்கம். கடைசியில் உறை வருகிறது. பிரித்தால், மாதம் ஒரு ஜெல்லி வீதம் ஓராண்டுச் சந்தா! குளத்துக்கு ஆசைப்படாத மனிதராக இருந்தால் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

கே: அந்தக் காட்சியில் யாருக்கு முதல் மார்க்? (வாசகர், கோவை)

ப: கிளார்க்கின் உறவினர் எட்டிக்கு. வருஷம் பூரா வந்துகொண்டே இருக்கும் பரிசாயிற்றே என்று மனசாரப் பாராட்டுகிறாரே, அதற்கு. வயிறு எரிகிறவனிடம் போய் நல்ல மனசோடு பேசுவதைப்போல ஒரு கொடுமை உண்டா? அதோடு விட்டாரா? கிளார்க் ஆத்திரத்தில் உளறியதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, முதலாளியையே கடத்திவந்து நிறுத்துகிறார்.

கே: அந்த முதலாளி கஞ்சனா, கல்நெஞ்சனா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இரண்டையும்விட மோசம், ஆளைக் கவனிக்காதவர். கிளார்க்கின் பெயரே அவருக்கு நினைவில்லை. முன்னொரு காட்சியில் கிளார்க் ஆசையாகக் கொண்டுவரும் பரிசையும் மற்றதோடு சேர்த்து வைக்கச் சொல்லிவிடுகிறார். ஜெல்லியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். கதாசிரியர் ஜான் ஹியூஸ் கில்லாடி.

கே: போனஸ் கேட்டால் ஸ்வீட் பாக்ஸை நீட்டுகிற நம் ஊர் முதலாளிகளுக்கு? (வாசகர், திருப்பூர்)

ப: நமக்கு எட்டி தேவையில்லை. 1965-லேயே போனஸ் சட்டம் வந்து, சம்பளத்தில் அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு கட்டிவிட்டது; குறைந்தபட்சம் பின்னாளில் 8.33 ஆனது. கிளார்க்குக்குப் போன வருடத் தொகையோடு 20 சதவீதம் கூட்டிக் கிடைத்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்த பிறகு.

கே: ஏமாற்றப் பரிசுகளில் உங்கள் ஓட்டு எதற்கு? (வாசகி, நாகர்கோவில்)

ப: ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ (1983) படத்துக்கு. சிறுவன் ரால்ஃபி கேட்பது விளையாட்டுத் துப்பாக்கி. அம்மா, டீச்சர், சாண்டா கிளாஸ் வேஷக்காரர் என்று எல்லோரும் ‘கண்ணு போயிடும்’ என்றே பாடுகிறார்கள். கிளாரா அத்தை அனுப்புவதோ இளஞ்சிவப்பு முயல் உடுப்பு! அத்தை கணக்கில் அவனுக்கு நாலு வயசு தாண்டவே இல்லை.

அதைவிட உசத்தி, அப்பா போட்டியில் ஜெயித்த விளக்கு. வலைக் காலுறை மாட்டிய பெண்ணின் கால், மேலே ஷேடு. தெருவே பார்க்கட்டும் என்று அதை ஜன்னலில் வைக்கிறார் அப்பா. அம்மாவுக்கு மானம் போகிறது. ஒருநாள் அது உடைகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது உடைந்ததாம், நம்புவது உங்கள் இஷ்டம். ஒட்டவைக்கப் பசை கேட்டால், தீர்ந்துவிட்டது என்கிறார் அம்மா. வேண்டுமென்றே தீர்த்துவிட்டாய் என்று அப்பா கத்துகிறார் பாருங்கள், கல்யாணமானவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம்!

கே: அந்த விளக்கு இப்போது எங்கே? (வாசகர், மதுரை)

ப: படம் எடுத்த க்ளீவ்லாந்து வீடு 2006 முதல் அருங்காட்சியகம். ஜன்னலில் அதே மாதிரி கால் விளக்கு. விலைக்கும் கிடைக்கும், பசையைத் தனியாக வாங்கிக்கொள்ளவும்.