கிராம் கணக்குப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தாண்டி ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். பத்துப் பதினைந்து சைக்கிள்கள் சாய்ந்திருக்கும். இறுக்கமான சட்டையும் அதில் அடங்காத தொப்பையுமாக ஆட்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் டீயைக் கையில் வாங்காமல், அடுத்தவர் சைக்கிளுக்குப் பின்னால் போவார். சீட்டுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவார். கண்ணை மூடுவார். "பதிமூணரை கிலோ. வீல் மட்டுமே ரெண்டேகால் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்வார். அதுவரை சந்தோஷமாக இருந்த சைக்கிள்காரருக்கு முகம் விழுந்துவிடும்.

இவர் ஓட்டுவது மலையேறும் சைக்கிள். வேளச்சேரியில் இருந்துகொண்டு எந்த மலையை ஏறுகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கத்திப்பாரா மேம்பாலத்தைவிட உயரமான எதையும் அந்தச் சைக்கிள் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் கொல்லிமலைக்குப் போகும் திட்டம் ஒன்று நிரந்தரமாகக் கைவசம் இருக்கிறது. "எழுபது கொண்டை ஊசி வளைவு சார். அப்பத் தெரியும் வீலோட அருமை." எழுபதும் தார் ரோடு என்று யாராவது நினைவுபடுத்தினால், அடுத்த மாதம் போகிறோம் என்பார். அந்த அடுத்த மாதம் பல வருடங்களாக அடுத்த மாதமாகவே இருக்கிறது.

சக்கரத்தின் மேல் அவருக்கு ஏன் இத்தனை கண்? அதற்கு இயற்பியல் இருக்கிறது, அதை நீங்கள் கேட்காமலேயே சொல்வார். சைக்கிளின் ஃபிரேம் முன்னால் மட்டும்தான் நகர்கிறது. ரிம்மும் டயரும் நகர்ந்துகொண்டே சுழலவும் செய்கின்றன. அதனால் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கும்போது, ரிம்மில் இருக்கும் 100 கிராம், ஃபிரேமில் இருக்கும் 200 கிராமுக்குச் சமம். இது சரியான கணக்குதான். ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது இந்த இரட்டிப்பு கிடையாது, அங்கே 100 கிராம் வெறும் 100 கிராம்தான் என்ற பாதியை மட்டும் அவர் விழுங்கிவிடுவார். இவ்வளவு சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுப்பவரிடம், "சார், உங்க எடை எண்பத்தாறு கிலோவாச்சே?" என்று ஒருநாள் ஒரு பையன் கேட்டான். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது சுழலாது தம்பி."

இந்த ஆராய்ச்சியின் கூடம் அவர் வீட்டுச் சமையலறை. கேக் செய்ய அவர் மனைவி வாங்கிய எலக்ட்ரானிக் தராசு இப்போது மாவைக் கண்டு பல மாதம் ஆகிறது. அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள்களை அதில் கொட்டுவார். சக்கரத்துக்கு 32 கம்பி, இரண்டு சக்கரத்துக்கு 64 நிப்பிள். பித்தளை என்றால் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, நாற்பது கிராமுக்கு மேல் லாபம்! அந்த நாற்பதைக் கண்டுபிடித்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"என்னங்க, அந்தக் கிண்ணம் பாயசத்துக்கு வேணும்."

"அஞ்சு நிமிஷம்மா. இன்னும் வால்வு மூடி நிறுக்கலை."

வால்வு மூடி தராசில் ஒரு கிராம்கூடக் காட்டவில்லை. ஆனாலும் கழற்றி எறிந்துவிட்டார், கொள்கைக்காக.

கடலோர உப்புக்காற்றில் அலுமினிய நிப்பிள் அரித்துப் போகும், ஒரு வருடம் கழித்துக் கோட்டம் எடுக்கச் சாவி போட்டால் முனை மழுங்கிச் சுற்றும். இதை அவருக்கு எந்தச் சைக்கிள் கடைப் பெரியவரும் சொல்லியிருப்பார். சொல்லியும் இருக்கிறார்கள். சாதாரண மனிதனுக்கு வேண்டியது 32 கம்பி, நடுவில் மெலிந்த கம்பி, பித்தளை நிப்பிள், உள் அகலம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாத அலுமினிய ரிம், பக்கத்துக் கடையில் கிரீஸ் போடத் தெரிந்த ஹப். ஜோடி இரண்டு கிலோவை ஒட்டி வந்தாலும் பாதகமில்லை. ஆனால் இப்படி ஒரே வரியில் முடிந்துவிட்டால் அப்புறம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை முழித்திருந்து எதைப் பார்ப்பது?

பட்ஜெட்டுக்கு வருவோம். கீத் போன்ட்ரேகர் என்ற அமெரிக்க சைக்கிள் வடிவமைப்பாளர் சொன்னதாக ஒரு விதி உலகமெங்கும் உலவுகிறது: உறுதி, லேசு, மலிவு மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். நம் கிராம் கணக்குப்பிள்ளைக்கும் இந்த விதி தெரியும். அது மற்றவர்களுக்கான விதி என்று அவர் நினைக்கிறார். ஆரம்பத்தில் பட்ஜெட் 12,000 ரூபாய், அதில் பைசா கூடாது. பிறகு, இன்னும் இரண்டாயிரம் போட்டால் அறுபது கிராம் குறைகிறதே. அதற்கு மேல் மூவாயிரம் போட்டால் நல்ல கம்பி. இங்கே வந்தபின் ஹப்பில் கஞ்சத்தனம் பண்ணலாமா? இப்படியே படிப்படியாக 22,000 வந்து நின்றது. பழைய ஜோடி 2,250 கிராம், புதியது 1,780. 470 கிராம் குறைந்தது. கிராமுக்கு 47 ரூபாய் விழுகிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மனைவி யோசிக்கவே இல்லை: "அந்தக் காசுக்கு வெள்ளி வாங்கியிருந்தா அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்."

புதுச் சக்கரம் ட்யூப்லெஸ் வேறு. அது எங்கிருந்து வந்தது? 1999-ல் மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் என்ற மூன்று பிரெஞ்சுக் கம்பெனிகள் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தன. ட்யூப் இருந்தால் காற்றைக் குறைக்க முடியாது. குறைத்தால் கல்லில் மோதும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ட்யூபே இல்லை என்றால் நாற்பது பி.எஸ்.ஐ.யில் இருக்கும் அழுத்தத்தை இருபத்தைந்துக்குக் கீழே இறக்கலாம், டயர் மண்ணைக் கவ்வும். நமக்கோ இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது: சீமைக்கருவேலம். தாம்பரம் தாண்டி எந்த ஏரிக்கரையில் சைக்கிளை இறக்கினாலும் முள் காத்திருக்கும். உள்ளே ஊற்றிய ரப்பர் பால் அந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். கணக்குப்பிள்ளையின் வாழ்க்கையில் முழு நியாயமுள்ள செலவு இது ஒன்றுதான். அவரோ முள்ளைப் பற்றிப் பேசவே மாட்டார். "ட்யூப் இருநூறு கிராம் சார், தூக்கிப் போட்டாச்சு!" அதற்குப் பதிலாக ஊற்றும் பால் நூறு கிராம் இருக்குமே என்றால், அது திரவம் என்பார். திரவத்துக்கு எடை இல்லை என்பது அவர் வீட்டுத் தராசின் தனிச் சட்டம்.

பாட்டிலில் விற்கும் பால் விலை அதிகம் என்று கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு கேனை வரவழைத்தவரும் இந்த வர்க்கத்தில் உண்டு. பால் கெட்டியாகாமலிருக்க அதில் அம்மோனியா கலந்திருப்பார்கள். அது அலுமினிய ரிம்மை அரிக்கும். கேனைத் திறந்த அன்று மூன்றாவது மாடிக்காரர் இறங்கி வந்து, வீட்டில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நம்மவர் பாட்டிலே வாங்கினார். ரிம் டேப் ஒட்டி, டயரை மாட்டி, கைப் பம்பால் அடித்தார். அடித்த காற்று அடித்த வேகத்தில் ஓரமாக வெளியே போனது. ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்கார ஒரே மூச்சில் காற்று வேண்டும். இரண்டு சக்கரத்தையும் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார்.

"அண்ணே, இது ட்யூப்லெஸ். ஜாக்கிரதையா பண்ணணும்."

"பல்சர்ல எல்லாம் அதானே சார்" என்றார் கடைக்காரர், பீடியை ஓரமாக வைத்துக்கொண்டே. துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்து விளிம்பைச் சுற்றித் தடவினார். பாலை உள்ளே ஊற்றி, குச்சி வால்வுக்குப் பித்தளை அடாப்டரை மாட்டி கம்ப்ரஸரைத் திறந்தார். முதலில் நுரை கொப்பளித்தது. அப்புறம் 'டப்' என்று ஒரு பக்கம், கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று மறுபக்கம். டேப் சரியாக ஒட்டாத ஒரு கம்பி ஓட்டையிலிருந்து வெள்ளைப் பால் பீய்ச்சி நம்மவர் சட்டையில் கோடு போட்டது. அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒட்டினார்கள், காற்று நின்றது. கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வண்டி எங்க சார்?"

வண்டி வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய் மாட்டினால் பின்சக்கரம் உள்ளே போகவில்லை. எடை என்ற வரியைத் தவிர வேறெதையும் படிக்காமல் வாங்கிய சக்கரம் அது. ஹப்பின் அகலம் 148 மில்லிமீட்டர், புது மாடல் ஃபிரேம்களுக்கானது. அவர் ஃபிரேமின் பின்கால் இடைவெளி 135. அடாப்டர் போட்டு அகலமாக்கலாம், குறைக்க வழி கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். பஞ்சர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "லேசா தட்டி விரிச்சிரலாமா சார்?" என்று சுத்தியலை எடுத்தார். இரும்பு ஃபிரேம் என்றால் விரியும், அலுமினியம் விரிசல் விடும். கணக்குப்பிள்ளை சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

ராத்திரி சாப்பாட்டின்போது விஷயத்தை மெல்ல எடுத்தார்.

"இந்த வீலுக்கு ஒரு ஃபிரேம் பார்க்கலாம்னு இருக்கேன்."

"அப்ப பழைய வீலு?"

"அதுக்குத்தான் பழைய ஃபிரேம் இருக்கே."

"அப்ப வீட்டுல ரெண்டு சைக்கிளா?"

"ரெண்டுதான். ஆனா ரெண்டாவது ஒன்றரைக் கிலோ கம்மிம்மா."